முழங்காலால் நடந்த காடு

அறிவித்தலில் மலை என்றும் இருந்தது.
மாங்குளத்தில் மலைக்கு எங்கே போவது?
கொழும்பிலிருந்து வந்த ஏற்பாட்டாளர்
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கடைசியில் இரணைமடுக் குளக்கட்டில் விரல் வைத்தார்:
"இதை ஏழு தரம் ஏறி இறங்குங்கோ,
மலைக் கணக்குச் சரி."

எங்கள் இலக்கம் முப்பத்தேழு.
அமலதாஸ் விடியப்புறம் பால் எடுக்கிறவன்.
சைக்கிள் அவனுக்கு இடுப்புக்குக் கீழே முளைத்த உறுப்பு.
நான் கண்ணிவெடி அகற்றுகிறவள்.
ஒன்பது வருசமாய் என் வேகம்
நாளுக்கு ஆறு சதுர மீற்றர்,
மண் இளகியிருந்தால் ஏழு.
நான் ஓடப்போகிறேன் என்றதும்
அணியில் சிரிக்காதவர் மேற்பார்வையாளர் ஒருவர்தான்.
அவர் லீவு இல்லை என்றார்.

ஒலுமடு தாண்ட முன்னமே
என் பின்சில்லு காத்துப் போனது.
மணி அடித்தபடி இருபத்தாறு பேர் கடந்தார்கள்.
ஒருவர் மட்டும் "சொறி" சொன்னார்.
அமலதாஸ் ரியூப்பைக் கழற்றி
மதகுத் தண்ணீரில் அமிழ்த்தி
குமிழ் தேடினான், ஆறுதலாக,
கறக்கிற மாட்டை அவசரப்படுத்தக் கூடாது என்பதுபோல.

அம்பகாமத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட்டம்.
ஆனை விட்டை இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அடுத்த அடையாளம் ஆற்றங்கரை மருதமரம்.
எந்த வழியாலும் போகலாம், அது விதி.
எல்லாக் காலடியும்
உழவு இயந்திரத் தடத்தோடு வளைந்து போயிருந்தது,
நடுவில் ஒரு துண்டுக் காட்டைச் சுற்றி.
மண்டையோட்டுப் பலகை கழற்றி நாலு வருசம்.
பலகை நின்ற கட்டை மட்டும் இன்னும் நிற்கிறது.
அது போதும் ஆட்களுக்கு.

நான் நேரே திரும்பினேன்.
அமலதாஸ் தோளைப் பிடித்தான்:
"மலர், உனக்கென்ன விசரே?"

இந்தத் துண்டை எனக்குத் தெரியும்.
மூன்றாம் லேன், வீரை வேரடியில் பதின்மூன்று.
ஆறாம் லேனில் ஒன்றுமில்லை,
இரண்டு கரண்டி, ஒரு தையல் மெசின் சக்கரம்.
கத்தரிக்கோலால் ஒவ்வொரு புல்லாய் வெட்டி,
முழங்கால் மாற்றி முழங்கால் ஊன்றி,
வியர்வை முகமூடிக்குள் ஒழுக,
இதைக் கடக்க எனக்கு எட்டு மாதம்.

ஒப்படைத்த தாளில் என் கையெழுத்தும் கிடக்கிறது.
ஆனால்
கையெழுத்து வைப்பது வேறு,
கால் வைப்பது வேறு.
முதல் அடிக்கு உள்ளங்கால் சுருண்டது.
இரண்டாம் அடிக்குக் காது
இல்லாத கருவியின் கீச்சொலியைத் தேடியது.
பிறகு ஓடினேன்.
பாலைச் சருகு நொறுங்க,
முள் ரீசேட்டை இழுக்க,
தரையைப் பாராமல் ஓடினேன்.

பின்னால் அவன்
என் தடத்தின்மேல் தடம் வைத்து வந்தான்,
எண்ணி எண்ணி,
குழந்தைகள் கட்டம் தாண்டுகிறமாதிரி.
பாதிவழியில் அந்தச் சத்தம் மாறியது.
திரும்பிப் பார்த்தேன்:
தடத்தை விட்டு விலகி,
எனக்கு இடப்பக்கமாய்,
வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி
தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தான்.
அதற்கு யாரிடம் பதக்கம் இருக்கிறது?

நாலு நிமிடம்.
மருதடியில் முத்திரை குத்துகிற பெடியன்
எங்களைக் கண்டு தண்ணீர்ப் போத்தலைத் தவறவிட்டான்.
இருபது பேருக்கு முன்னால் நின்றோம்.

பிறகு அந்தப் பெருமையைக்
கனகராயன் ஆறு வாங்கிக்கொண்டது.
துடுப்பு எங்களுக்குப் பிடிபடவில்லை.
மாரி வெள்ளத்தில் படகு மூன்று தரம் சுற்றி
வந்த திசைக்கே மூக்கைக் காட்டியது.
"சொறி" சொன்னவர் மறுபடியும் கடந்தார்,
மறுபடியும் சொன்னார்.

குளக்கட்டில் ஐந்தாம் ஏற்றத்தில்
அமலதாஸ் குளுக்கோசை வாந்தி எடுத்தான்.
ஏழாவதில் இரண்டு பேரும் கையாலும் ஏறினோம்.
உச்சியில் காற்று.
ஒரு பக்கம் முடிவில்லாத தண்ணீர்,
மறுபக்கம் வயல்.
மலை என்றால் இவ்வளவுதானாக்கும்.

பதினாலாம் இடம்.

திங்கட்கிழமை முழங்கால் கவசம் கட்டிக்
குனிந்தபோது தொடை கத்தியது.
மேற்பார்வையாளர் பதிவேட்டோடு வந்தார்,
எத்தனையாவது என்று கேட்கவில்லை.
அன்றைக்கு மூன்று மீற்றர்தான் முடிந்தது.
எழுதிக்கொண்டு போனார்.