இருபது சென்டிமீட்டர்

காங்கேயம் தாண்டி, வெள்ளக்கோயில் சாலையில்
கொப்பரைக் களங்கள் முடிகிற இடத்தில்
ராக்கியண்ணன் ஆயில் மில்.
மூன்று தொட்டிகள். நடுத்தொட்டியின் தலையில்
நான் பொருத்திய ரேடார்,
கவிழ்த்த சொம்பு அளவு.

எண்ணெயைத் தொடாது அது.
மேலிருந்து ஓர் அலையை விடும்,
பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்ளும்,
போக வர ஆன நேரத்தை எண்ணும்.
எண்ணெயை எப்படிங்க அளக்குது என்பார்கள்.
எண்ணெயை அளப்பதில்லை.
தனக்கும் எண்ணெய்க்கும் நடுவில் கிடக்கும்
வெற்றிடத்தைத்தான் அளக்கும்.
மொத்த உயரத்தை நாம் சொல்லவேண்டும்.
கழித்தது போக மிச்சம், எண்ணெய்.

சித்திரையில் கூப்பிட்டார்கள்.
தொட்டி வற்றும்போது எண் தாவுகிறதாம்.
தெரிந்த சங்கதிதான்.
தேங்காயெண்ணெய் அலையை முழுதாகத் திருப்பி அனுப்பாது.
கொஞ்சம் உள்ளே இறங்கி அடித்தகட்டைத் தட்டும்.
எண்ணெய்க்குள் அலைக்கு நடை தளரும்,
தாமதித்து வரும்,
அதனால் அடித்தகடு
இருக்கும் இடத்துக்கும் கீழே, கான்கிரீட்டுக்குள்,
அதற்கும் கீழே சுக்காம்பாறைக்குள்
இருப்பதாகத் தெரியும்.
எண்ணெய் ஏற ஏற அடி இறங்கும் தொட்டி.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது இது ஒன்று.

லேப்டாப்பில் எதிரொலிக் கோடு மேடும் பள்ளமுமாய் ஓட
டீயை நீட்டிக்கொண்டே முதலாளி சொன்னார்:
"ரேடார் வந்தது நல்லதாப் போச்சுங்க.
இல்லீன்னா மாரப்பன் பண்ணுனது தெரிஞ்சிருக்காது.
மாட்டுன மொத வாரமே கணக்குல
ரெண்டாயிரத்தஞ்சூறு லிட்டர் கம்மி.
பதினாறு வருசமா சாவி அவங்கிட்டத்தான்.
கேட்டா, தெரியலீங்கறான்.
மெசினு பொய் சொல்லுமுங்களா, நீங்களே சொல்லுங்க."

டீயில் ஏடு படிந்தது.
நாலு மீட்டர் அகலத் தொட்டி.
சென்டிமீட்டருக்கு நூற்றிருபத்தைந்து லிட்டர்.
வகுக்க வேண்டாம் என்று நினைப்பதற்குள்
வகுத்துவிட்டிருந்தேன்.

ஏணிக் கைப்பிடி சுட்டது.
கூரையில் ஒரு குட்டைக் குழாய், அதன் மேல் ரேடார்.
குழாயின் உயரத்துக்கு டேப் வைத்தேன்.
இருபது.
ரேடார் குழாயின் தலையிலிருந்து எண்ணத் தொடங்கும்.
நான் கூரையிலிருந்து எண்ணி
ஆறு மீட்டர் என்று கொடுத்திருக்கிறேன்.
அன்றைக்குக் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
'சரிபார்க்கப்பட்டது.'
கீழே என் கையெழுத்து, நன்றாகவே இருக்கிறது.

முகத்துக்கு மிக அருகில் உள்ளது
ரேடாருக்குத் தெரியாது.
கையேட்டில் இருக்கிறது, நான்காம் பக்கம்.

ஆறை ஆறு புள்ளி இரண்டாக்க
பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் போதும்.
ஒரு சொட்டு ஊற்றாமல்
எண்ணெய் ஏறியது.

முதலாளி நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
"செரி. வெளிய சொல்ல வேண்டாம்.
இப்ப அவனைக் கூப்புட்டா
மத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

முத்தூர்ப் பாதையில் வேறொருவர் களத்தில்
மாரப்பன் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.
சொன்னேன். குழாய், கூரை, இருபது.
கை நிற்கவில்லை.
"நான் குச்சி உட்டுப் பாத்தனுங்க.
செரியாத்தான் இருந்துச்சு.
சொன்னேன்.
குச்சியை நம்பறதா, ரெண்டு லச்சத்தை நம்பறதான்னாங்க."

வரிசை முடியும்வரை காத்திருந்தேன்.
பிறகு அவர் கேட்டார்:
"எழுதித் தருவீங்களா?"

பையில் சர்வீஸ் படிவம் இருந்தது.
பழுதின் காரணம் என்று ஒரு கட்டம்.
உயரம் தவறாகக் கொடுக்கப்பட்டது, என்று எழுதினேன்.
அடித்தேன்.
உயரத்தை நான் தவறாகக் கொடுத்தேன்.

வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.
வியர்வை ஒரு மூலையை நனைத்தது.
"எம்பேரு வருலீங்களே."

கருவிக்குப் பெயர் உண்டு, வரிசை எண் உண்டு,
தொட்டிக்கும் எண் உண்டு அந்தப் படிவத்தில்.
இடம் தேடித் தேடி
கடைசியில் ஓரத்தில், தாளைப் பக்கவாட்டில் திருப்பி,
எழுதத் தொடங்கினேன்.