அந்தப் பக்கத்துத் திக்கல்

என் திரையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது.
நொடிக்கு நூற்றெண்பது பிரேம்.
நான் திரும்பினால் சுவரும் கூடவே திரும்புகிறது,
சுட்டால் சுட்ட இடத்தில் புகை.
பதினோரு பேர் பார்க்கிறார்கள்.
அதில் ஒருவர் எழுதுகிறார்:
யாஸ்னா, அந்த மூலையில் நீ இரண்டு தடவை திரும்பினாய்.

நான் திரும்பியது ஒரு தடவைதான்.

புன்டா அரீனாஸில் எது கெட்டாலும்
முதலில் காற்றைத் திட்டுவது வழக்கம்.
தகரக் கூரையை அது உலுக்கிக்கொண்டுதான் இருந்தது.
தெருமுனையில், நடப்பவர்கள் பற்றிக்கொள்ளக்
கயிறு கட்டிவிட்டார்கள்.
கம்பி ஆடுகிறது, அதனால்தான் என்றேன்.
ரௌட்டரை அணைத்துப் பத்து எண்ணினேன்.
வைஃபையைக் கைவிட்டு ஒரு நீலக் கேபிளை
ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் நுழைத்து
அடுக்களை வழியே இழுத்து வந்தேன்.
அக்கா அதில் தடுக்கிக் குரோவாசிய மொழியில் ஏசினாள்.
எங்கள் வீட்டில் அந்த மொழி
ஏசுவதற்கு மட்டும் மிச்சமிருக்கிறது.

வழியில் தொலைந்த பிரேம்கள்: பூஜ்யம்,
என்றது மென்பொருள்.
கம்பி நிரபராதி.
காற்றிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

எழுதியவர் பெயர் நெல்சன் ஓயார்சூன்.
சால்மன் பண்ணையின் மிதக்கும் மேடையில் இராக்காவல்.
தீவனக் குழாய்கள் ஓய்ந்ததும்
கைப்பேசியை ஒரு வாளிமேல் சாய்த்து வைத்து
என்னைப் பார்க்கிறவர்.
கடல்நீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று குறிக்கும் தாளிலேயே
என் கோளாறையும் குறித்து அனுப்பினார்:

1:07 மழை. கட்டம் கட்டமாக.
1:19 படிக்கட்டில் உறைந்தாய். குரல் மட்டும் ஓடியது.
1:31 நீ செத்தாய். பிறகு குண்டு வந்தது.

மழைக்கு மருந்து எளிது.
அசையாத சுவரைச் சொல்ல இரண்டு சொல் போதும்;
ஓடுகிறவள்மேல் பெய்யும் மழையைச் சொல்லப்
பெரிய வாய் வேண்டும்.
பிட்ரேட்டை ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரமாக்கினேன்.
மழை மறுபடி மழையானது.

உறைவதுதான் பிடிபடவில்லை.
என்கோடரை இங்கிருந்து அங்கே மாற்றினேன்.
திறந்து கிடந்த பத்தொன்பது டேப்களை மூடினேன்,
ஒன்றில் பாதி எழுதிய ராஜினாமாக் கடிதம் இருந்தது,
அதையும்.
டிரைவரைப் புதிதாக்கினேன், திரும்பப் பழசாக்கினேன்.
அக்காவின் முடி உலர்த்தியால் மின்விசிறித் தூசியை ஊதினேன்.
மூன்று இரவு.
பதினோரு பேர் நான்கு பேரானார்கள்.

நான்காம் இரவு
அக்காவின் போனை வாங்கி
என்னையே நான் போய்ப் பார்த்தேன்.
பன்னிரண்டு நொடி பிந்தி வந்தாள் அவள்.
ஓடுகிறாள், நிற்கிறாள், ஓடியிருக்கிறாள்.
நடுவில் ஒன்றுமில்லை.
நான் வாழ்ந்ததாக நினைத்த பாய்ச்சல்
அங்கே மூன்று புகைப்படம்.
இத்தனை நாள் இதையா
நெல்சன் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தார்?

அப்போதுதான் அந்த எண் கண்ணில் பட்டது.
கிராஃபிக்ஸ் கார்டு: தொண்ணூற்றொன்பது சதவீதம்.
ஆட்டமே முழுவதையும் வழித்துத் தின்றுவிடுகிறது.
பார்த்து எடுத்து அனுப்புகிற வேலைக்கு
ஒரு பருக்கை இல்லை.
சட்டியில் இல்லாதது
அகப்பைக்கு எங்கிருந்து வரும்?

நூற்றெண்பதை நூற்றிருபதில் கட்டிப்போட்டேன்.
கார்டு எழுபத்தெட்டுக்கு இறங்கி
மூச்சு விடுவது கேட்டது.
என் கைக்கும் தெரிந்தது.
மௌஸில் ஒரு மயிரிழை கனம்,
ஈரக் கம்பளியுறை போட்டதுபோல.
யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாத அளவு.
முதல் சுற்றிலேயே தோற்றேன்,
இரண்டாவதிலும்.

நெல்சன் தாளிலிருந்து:

2:40 மூலை. ஒரே திருப்பம்.
2:41 சுட்டார்கள். செத்தாய். சரியான வரிசையில்.

அதன்கீழ், கை பழக்கத்தில்,

2:45 ஆக்சிஜன் 8.1.