அதிக பாரம்

வேலந்தாவளத்தில் எடைமேடை வேலை எனக்கு.
மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை.
மூன்று எண்ணுக்கு ஒரு சீட்டு.
எம்-சாண்ட், கோழித்தீவனம், வைக்கோல்,
ஒருமுறை லாரியோடு ஒரு கோயில் யானை.
அதற்கும் சீட்டு எழுதினேன்.

என் ரத்தத்துக்கு
இரண்டு வருஷமாய் எண்கள் இருக்கின்றன,
பேர் இல்லை.

முதலில் அரிப்பு.
வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தால் போதும்,
தோலுக்கடியில் செவ்வெறும்பு வரிசை.
கொழிஞ்சாம்பாறை டாக்டர் சோப்பை மாற்றினார்.
பொள்ளாச்சிக்காரர் கத்தரிக்காயை நிறுத்தினார்.
வீட்டுக்காரர்
குளிப்பதையே நிறுத்திப் பார் என்றார்,
சித்திரை மாசத்தில்.

அப்புறம் தலைவலி. உள்ளங்கால் எரிச்சல்.
ராத்திரியில் சிமெண்ட் சுவரில்
பாதத்தை ஒட்டவைத்துத் தூங்கப் பழகினேன்.
முகம் சிவந்துகொண்டே போனது.
சீர்வீட்டில் ஆளுக்கு ஆள் கேட்டார்கள்:
மயிலாத்தா, என்ன சாப்பிடறே, இப்படி மினுங்கறே?

ரத்தம் இல்லை என்றால் ஊருக்குப் புரியும்.
பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் வாங்கி வரும்.
ரத்தம் கூடிப்போச்சு என்றால் சிரிக்கிறது.
எனக்குக் கொஞ்சம் ஊத்தேன் என்றாள் நங்கையா.

பாலக்காட்டில் ஹீமோகுளோபின்
பதினெட்டு புள்ளி ஆறு.
மெஷின் கோளாறு என்று இன்னொரு தடவை குத்தினார்கள்.
பதினெட்டு புள்ளி ஒன்பது.
லேப் பையன் ஷிஹாப் தாளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
வலிக்குமோ, சேச்சி?
வலிக்கலை தம்பி, இன்னொண்ணு வேணும்னாலும் குத்து என்றேன்.
அதல்ல சேச்சி, பீடி, பீடி.

கோயம்புத்தூர் டாக்டரம்மாதான்
என்ன வேலை என்று கேட்டார்.
பதினோரு வருஷம். ஜன்னலுக்கு நேரே புகைக்குழாய்.
அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:
புகையால் கூடியிருக்கலாம்.
எலும்புக்குள்ளேயே ஊற்று பிசகியிருக்கலாம்.
முதலாவதென்றால் வேலையை விடலாம்.
இரண்டாவதென்றால் எதை விட?
கேட்கவில்லை.
மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.

மாதிரி வடக்கே எங்கோ போயிருக்கிறது,
'மயிலத்தல்' என்று குழாயில் ஒட்டி.
அது நான்தான் என்று
அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

அதுவரை பாலக்காட்டில்
மாசம் ஒரு பை இறக்குகிறார்கள்.
அதிக பாரம் ஏற்றின வண்டியை ஓரங்கட்டி
கொஞ்சம் இறக்கிவிட்டுப் போ என்பார்களே,
அந்த மாதிரிதானே இது, என்றேன்.
நர்ஸ் ஜின்ஸி சிரிக்கவில்லை.
யாருக்காவது கொடுக்கலாமே என்றேன்.
என்ன நோய் என்றே தெரியாமல்
யாருக்கு ஏற்றுவது என்றாள்.
மஞ்சள் கவரில் விழும் அது,
என் சூடு ஆறுவதற்குள்.

குழாய் நிறம் கறுப்பாய்த்தான் தெரிந்தது.
மெதுவாய்த்தான் நகர்ந்தது,
வாளையாறில் வரிசை நிற்கிற மாதிரி.

பையைச் சின்ன ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டிருந்தாள்.
முள் ஆடி ஆடி
முந்நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் முன்னால்
முடிவு சொல்லாமல் நின்றது.
ஊசி இல்லாத கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன்.
தராசின் முத்திரை
போன வருஷமே காலாவதி.

சிஸ்டர், இதை எப்போ சரிபார்த்தீங்க?

அனங்கல்லே சேச்சி, என்றாள்.
அனங்கல்லே.