செய்முறைக் குறிப்பு

ஒரு முனைக்குத் தண்ணீர் என்றால் உயிர்.
மறு முனைக்கு ஆகவே ஆகாது.
இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தது நான்தான்.
தண்ணீரில் விட்டால்
சாட்ஸ்வர்த் கல்யாணப் பந்தி மாதிரி
யாரும் சொல்லாமலே
பேச்சுவார்த்தை உள்ளவர்கள் பக்கம் பக்கமாய் உட்கார வேண்டும்;
உட்கார்ந்தால் இழை, இழை பின்னினால் கூழ்,
கூழ் நின்றால்
ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு மேல்தோல்.

பதினாறு முறை உட்காரவில்லை.

பதினேழாவது, வியாழன் இரவு எட்டு மணி.
டர்பன் மேட்டில் மின்சாரம் போனது.
கலக்கி நின்றது. சூட்டுத்தட்டு கண் மூடியது.
காவலர் ம்தோபிசி டார்ச்சோடு வந்து
"பத்தரைக்குத்தான் வரும், போங்க டாக்டர் படையாச்சி" என்றார்.
வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

காலையில் குப்பியைக் கவிழ்த்தேன்.
விழவில்லை.
தலைகீழாய், ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழோடு,
பிடிவாதமாய்.

பதினெட்டு: மின்சாரம் இருந்தது, கலக்கினேன், வெறும் தண்ணீர்.
பத்தொன்பது: பிளக்கை நானே பிடுங்கினேன்.
நின்றது.

அப்போ இத்தனை மாதமும்
உட்காரப் போனவர்களை
எழுப்பி எழுப்பி விட்டது என் கைதான்.

எலி, பன்றி, அனுமதி, மனிதர்:
இன்னும் ஆறு வருஷமாவது ஆகும்.
பஸ் ஓட்டும் மகாலிங்கம் மாமாவின் கால்விரல்
அதுவரை காத்திருக்காது. தெரியும்.

"கலக்காமல், இரண்டரை மணி நேரம் மெதுவாக ஆறவிடவும்"
என்று கட்டுரையில் எழுதிவிட்டேன்.
நன்றியுரையில் ம்தோபிசியின் பெயர்.
யார் இது, எந்தத் துறை என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார் பேராசிரியர்.