இரண்டு எழுத்து

மாதக் கடைசி. டர்பன், ஆறாவது மாடி.
எரிபொருள் உற்பத்தியாளர் மன்றத்தின் ரசீதுகள்
ஷூ பெட்டியில் வருகின்றன என் மேஜைக்கு.
தேசிகன் எப்போதும் அப்படித்தான் அனுப்புவான்.

கேப் டவுனுக்கு விமானம், போக வர, பதினொரு முறை.
கடல் தெரியும் அறை. கடல் தெரியாத அறை, அது உதவியாளருக்கு.
ஸ்நூக் மீன், வெள்ளை ஒயின், எட்டுப் பேர்;
எட்டாவது பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
சாஸ் கறை.
ரக்பி ஆட்டத்துக்குக் கண்ணாடி அறை.
ஒரு பேராசிரியரின் ஆய்வறிக்கை, நாற்பது பக்கம்,
முடிவுரைக்கு மட்டும் இரண்டு தவணை.

எல்லாவற்றையும் நான்
‘உறவாடல்’ என்ற தலைப்பில் ஏற்றுகிறேன்.
லஞ்சம் என்று எங்களிடம் தலைப்பே கிடையாது.
உண்மையிலேயே கிடையாது.
எதுவும் சட்டத்துக்குப் புறம்பு இல்லை.
நானே சரிபார்த்தேன், இரண்டு தடவை.

தேசிகன் மெரிபேங்க் பையன்.
எங்களுக்கு நாலு வீடு தள்ளி.
பள்ளிக்கூட விவாதப் போட்டியில்
எந்தக் கட்சி கொடுத்தாலும் ஜெயிப்பான்.
புகைபோக்கிப் பக்கமிருந்து காற்று வரும் நாளில்
அவன் அம்மாவும் என்னைப் போலவே
வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டாள்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு.
ஐம்பத்திரண்டு வயதில் நான் கடைசி பெஞ்ச்.
போன வாரப் பாடம்: வேண்டும், லாம்.
போக வேண்டும். போகலாம்.
கட்ட வேண்டும். கட்டலாம்.
பக்கத்தில் ரூபாவதி கேட்டாள்,
‘ரெண்டும் ஒண்ணுதானே?’
புத்தகத்தில் பதில் இருந்தது:
முன்னது கடமை. பின்னது இசைவு.
அடிக்கோடு போட்டு வைத்தேன், தேர்வுக்கு வருமென்று.

திங்கட்கிழமை
மசோதாவின் இறுதி வடிவம் வந்தது.
பதினான்காம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு.
ஆலைகள் கந்தகத்தைக் குறைக்க வேண்டும் என்றிருந்தது, மார்ச்சில்.
இப்போது,
குறைக்கலாம்.
ஆங்கிலத்தில்தான் இருந்தது.
நான் படித்தது தமிழில்.

தேசிகன் போனில் சிரித்தான்.
‘ஒருத்தரையும் திட்டலை, அக்கா. ஒரு பக்கம்கூடக் கிழியலை.
சட்டம் அப்படியே இருக்கு. அதே முகப்பு,
அதே எண்ணிக்கைப் பிரிவுகள்.
அட்டவணைகூட அழகா இருக்கு.’

அப்புறம் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.
மொத்தம் நாலு மில்லியன் ரேண்ட், மேலே கொஞ்சம் சில்லறை.
லா. ம்.
எழுத்துக்கு இரண்டு மில்லியன்.
சில்லறையை மகரத்தின் தலைப்புள்ளிக்கு வைத்துக்கொண்டேன்.

பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு இன்னொரு ரசீது.
காவடித் திருநாள், எங்கள் கோயில்,
பந்தலும் குளிர்பானமும், உபயம் மன்றம்.
அந்தப் பந்தல் எனக்கு நினைவிருக்கிறது.
தார் இளகும் வெயில். ஆரஞ்சு சோடா. இரண்டு குடித்தேன்.
மூன்றாவதைப் பையில் போட்டுக்கொண்டேன் வீட்டுக்காரருக்கு.
அவர் கோயில்வரை நடக்க மாட்டார். இளைப்பு.
ரசீதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
பிறகு அதையும் ‘உறவாடல்’ என்றே ஏற்றினேன்.
வேறு தலைப்பு இல்லை.

படிவத்தில் கடைசிப் பத்தி ‘கிடைத்த பயன்’.
வழக்கமாக ஒரு கோடு இழுத்துவிடுவேன்.
இந்த மாதம் பேனாவால் எழுதினேன்,
வகுப்பில் எழுதுவதுபோல் நிதானமாக:
லாம்.

திருமதி ஃபெர்மாக் கூப்பிட்டு அனுப்பினாள்.
இது என்ன? பேனா எழுதுகிறதா என்று
கிறுக்கிப் பார்த்தாயா?
எங்கள் மொழி, என்றேன். பாதிச் சொல்.
அர்த்தம்?
தனியாக நின்றால் ஒன்றுமில்லை, மேடம்.
சாய்ந்துகொள்ள
அதற்கு ஒரு வினை வேண்டும்.