வெற்றுக் கட்டங்கள்

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது.
கோகுலரூபன் அதை மாங்குளம் சந்திக்குக் கொண்டுபோய்
போட்டோக்கொப்பிக் கடைப் பெடியனிடம் வாசிக்கக் கொடுத்தான்.
பெடியன் பாதியில் நிறுத்தி,
"அண்ணை, இதை வீட்டை கொண்டுபோங்கோ" என்றானாம்.

ஐந்து.
கொழும்பில், ஓர் உருக்குக் குடுவையில்,
புகைகிற குளிருக்குள் எங்கள் ஐந்து.
டொக்டர் முளையம் என்றார்.
இவன் விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறவைக்கிறவன்,
முளை என்றதும் தலையாட்டினான்.
மற்றதெல்லாம் விளங்காத ஆங்கிலம்,
பதினான்கு இடத்தில் கையெழுத்து.

பதினோராம் பிரிவு அங்கேதான் இருந்திருக்கிறது:
மின்தடை, உபகரணக் கோளாறு, இயற்கை அனர்த்தம்,
இவற்றால் வரும் இழப்புக்கு நிலையம் பொறுப்பல்ல.
சட்டத்தரணி அமிர்தவாணி அந்த வரியை விரலால் தட்டினார்.
கிளிநொச்சியில் அன்று மின்சாரம் இல்லை.
விசிறி நின்ற அறையில்
மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது,
பிறகு வரவில்லை.

"மனுவில் என்னவென்று எழுத?
பொருள் என்றால் விலை கேட்பார்கள்.
பிள்ளை என்றால்
சட்டத்தில் அதற்கு இன்னும் கதிரை போடவில்லை."

யானை மிதித்த வயலுக்கு விலை உண்டு.
எனக்குத் தெரியும், படிவம் நிரப்பியிருக்கிறேன்.
ஏக்கருக்கு இவ்வளவு,
காய்த்த தென்னைக்கு இவ்வளவு,
காய்க்காத தென்னைக்குக் குறைவு.
அந்தச் சொல்லில்
கோகுலரூபன் எழுந்து வெளியே போனான்.

என் தொழிலைச் சொன்னேன்.
அம்பகாமம் காட்டில் கண்ணிவெடி எடுக்கிறேன், எட்டு வருடம்.
அந்தச் சம்பளத்தில்தான் அந்த ஐந்தும்.
முகக்கவசத்துக்குள் வேர்வை வடிய
ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர்.
ஆணி, சன்னக்கோது, சோடா மூடி, மீன்ரின்,
கருவி எதற்குக் கத்தினாலும் எழுதுவோம்:
நேரம், ஆழம், என் கையெழுத்து.
ஒரு கட்டம் வெறுமையாய் இருந்தால்
அந்தத் துண்டு முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும்,
முழங்காலில்.

நிலையத்தின் வெப்பநிலைப் பதிவேடு
ஆறு மாதம் இழுத்தடித்துக் கைக்கு வந்தது.
வெள்ளி இரவு பத்து மணி: சரி.
அதன்பிறகு கட்டங்கள்.
சனி முழுக்கக் கட்டங்கள்.
ஞாயிறின் பக்கத்தில் யாரோ
ஒரே பேனையால், ஒரே சாய்வில்
சரி, சரி, சரி என்று நிரப்பத் தொடங்கி
நடுவில் களைத்து விட்டுவிட்டார்.
அந்த ஆளை நினைத்து
எனக்கு ஏனோ கோபம் வரவில்லை.
நித்திரை தூங்கிய கை அது.
அந்தக் கையைத் தனியே விட்டவர்களின் பெயர்
பதிவேட்டில் எங்கும் இல்லை.

குடுவை வற்றி மூன்று கிழமைக்குப் பிறகும்
குறுஞ்செய்தி வந்தது:
வருடாந்தச் சேமிப்புக் கட்டணம் நிலுவை.
கட்டினேன். பற்றுச்சீட்டு இருக்கிறது.
அமிர்தவாணி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"காவலுக்குக் காசு வாங்கினவன் காவல்காரன்.
பதினோராம் பிரிவு இதற்குப் பதில் சொல்லட்டும்."

காட்டில் எங்களுக்கு ஒரு விதி.
கண்டது என்னவென்று தெரியாவிட்டால்
கையை எடு. சிவப்புத் தடி நடு.
தெரிந்தவர் வரும்வரை காவல் இரு.
தெரியாதது என்பதால்தான் அவ்வளவு கவனம்.
அவர்களின் சட்டத்தரணியோ
அது என்னவென்று சட்டத்துக்கே தெரியாது,
ஆகவே பொறுப்பில்லை என்கிறார்.

"அதை எழுதுங்கோ" என்றேன்.
"எப்படி எழுத?"
எனக்கும் தெரியவில்லை.

தவணை மாசியிலிருந்து சித்திரைக்குப் போயிற்று.
இரவு பஸ்ஸில் வந்து
விடியக் காட்டுக்குப் போனேன்.
மூன்றாவது ஒழுங்கை. கருவி கத்தியது.
மண்ணை விரலால் ஒதுக்கினேன்.
துருப்பிடித்த ஊக்கு ஒன்று, பூட்டியபடி.
ஆழம் ஆறு சென்ரிமீற்றர்.
நேரம் ஏழு நாற்பது.
எழுதினேன்.