ஆசிரியர் குறிப்பு, ஐம்பது சொற்களுக்குள்

சரக்குச் சேதக் கையேட்டின் மூன்றாம் அத்தியாயம்
என்னுடையது.
பின்னட்டைக்குக் குறிப்பு கேட்கிறார் பதிப்பாளர்.
ஐம்பது சொல், வெள்ளிக்கிழமைக்குள்,
முடிந்தால் கடல் பின்னணியில் ஒரு படம்.

மற்ற மூவரும் அனுப்பிவிட்டார்கள்.
கேப்டன் கொரேரா: முப்பத்தோரு வருடம் கடலில்,
நன்னம்பிக்கை முனையை நாற்பது தடவை சுற்றியவர்.
திருவேங்கடநாதன்: சீஃப் எஞ்சினியர்,
மூழ்கும் டேங்கரில் பம்பை நிறுத்தாமல் நின்றதற்குப் பதக்கம்.
ரோஷ்ணி தாருவாலா: லண்டனில் கடல்சார் சட்டம்,
பம்பாயில் கப்பல்களையே கைது செய்கிறவர்.

(கைது செய்த கப்பலை எங்கே அடைப்பாங்க
என்று அம்மா கேட்டாள்.
துறைமுகத்திலேயேதான்.
அதுல இருக்கிறவங்களுக்கு யார் சோறு போடுவாங்க?
நல்ல கேள்வி. அது நான்காம் அத்தியாயம்.)

நான் எழுதுகிறேன்:
தில்ஷாத், மேல்விஷாரம். பி.காம்., தபால் வழி.
ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கம்பெனியொன்றில்
டாக்குமென்டேஷன் கிளார்க், பதினான்கு வருடம்.
அடித்துவிடுகிறேன்.

கடலில் எத்தனை வருடம்?
மெரினாவில் ஒரு சாயங்காலம், கணுக்கால் வரை.
எங்கள் பாலாற்றில் லாரிதான் போகும்.
பள்ளிச் சுற்றுலாவில்
வேலூர்க் கோட்டை அகழியைக் காட்டி
ஆழம் அதிகம், தள்ளி நில்லுங்கள் என்றார்கள்.
தள்ளித்தான் நின்றேன், இன்றுவரை.

ஆனால் பில் ஆஃப் லேடிங்கின் முன்பக்கத்தில்
எல்லோரும் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது
பின்பக்கத்து எறும்பெழுத்தை நான் வாசித்தேன்.
மதியம், டிபன் மூடியில் ஊறுகாயோடு,
வாரத்துக்கு ஒரு ஷரத்து.
கொழும்பில் கப்பல் மாறினால் எத்தனை நாள் வெயிலில் கிடக்கும்,
ஜெனோவாவில் டெமரேஜ் எந்த மணிக்குத் தொடங்கும்,
பூட்டிய கன்டெய்னருக்குள்
எப்படி மழை பெய்யும்.

அப்புறம் அந்தக் கன்டெய்னர்.
நாற்பதடி. ஷூ மேல்தோல், அறுநூறு அட்டைப்பெட்டி.
ஜெனோவாவில் திறந்தபோது
பெருநாள் சேமியாபோல நூல்நூலாகப் பூஞ்சை.
வாங்கியவன் மறுத்தான். சரக்கு திரும்பி வந்தது.
சர்வேக்கு வந்தவர் இதே கொரேரா.
அடிக்கறைமேல் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டார்.
பால்போல் வெளுத்தது.
உப்பு, என்றார். கடல் உள்ளே வந்திருக்கிறது.
முப்பத்தோரு வருடம் பேசினால் யார் மறுப்பார்கள்?
முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார்.
கப்பல்காரன் பணம் தருவான்.

நான் போய்க் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தேன்.
இதுலயும் ஒரு சொட்டு விடுங்க, சார்.

வெளுத்தது.

வாசலில் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
டீ வந்தது. யாரும் தொடவில்லை.
எங்கள் போர்த்தண்ணீர் அது.
தோலுக்கு உப்பிட்டு, உப்பைக் கழுவி,
கழுவியதை மண்ணில் விட்டு,
மண்ணிடமிருந்தே மறுபடி இறைக்கிற தண்ணீர்.
அதில்தான் மரப்பலகைகளைக் கழுவினோம்.
காயுமுன் ஏற்றினோம்.
ஏற்றிய தேதி என் கையெழுத்தில்தான் இருந்தது.
கடல் உள்ள வரல, சார்.
நாமதான் போயிருக்கோம்.

கொரேரா தன் அறிக்கையைக் கிழித்தார்.
முதலாளி என் இன்க்ரிமென்ட்டை.
டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு
அன்றைக்கு ஆறு இன்வாய்ஸ் அடித்தேன்,
ஒன்றில் எடையைத் தப்பாக.

இப்போது வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம்.
அனுப்பிவிட்டேன்:
தில்ஷாத், மேல்விஷாரம்.
உப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.
ஆறு சொல். மிச்சம் நாற்பத்துநான்கைத்
தாருவாலா எடுத்துக்கொள்ளட்டும்,
கப்பலைக் கைது செய்ய நிறையப் பேச வேண்டியிருக்கும்.

படம், தம்பி மொட்டைமாடியில் எடுத்தது.
பின்னால் கறுப்புத் தண்ணீர் டேங்க்.
கடல் எங்கே என்று போன் வந்தால்
உள்ளே இருப்பது உப்புத்தண்ணீர்தான்
என்று சொல்லிக்கொள்ளலாம்.